புள்ளி வைத்தால்

லெபோ பினாங்கில் எங்கள் அச்சகம்.
கீழே பாத்திரக்கடை. மாடியில் கணினியும் நானும்,
கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை,
தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலுக்குப் பேனர்.

துறைமுகச் சுங்கத்தில் வேலைபார்க்கும் ஜெயசீலன்
ஒரு மழைநாளில் முப்பத்திரண்டு தாளோடு ஏறிவந்தார்.
எல்லாம் பென்சில். நாலு நரம்புக் கருவிக்கு.
மோகனமாம்.
"சுத்தமா அடிச்சுக் குடுங்க திலகா,
வாசிக்கிறவங்க முழிக்கக்கூடாது."

ஐந்து கோடு.
கம்பியில் குருவி என்று யாரோ சொன்னார்கள்.
எனக்குப் பட்டது எள்.
கொஞ்சம் சாய்ந்த எள், காம்போடு.
நடுக்கோட்டுக்குக் கீழே இருந்தால் காம்பு மேலே போகும்.
மேலே இருந்தால் கீழே.
நடுக்கோட்டிலேயே இருப்பதற்கு?
கீழே என்கிறது வழக்கம், காரணம் சொல்லவில்லை.
முழு மௌனம் கோட்டிலிருந்து தொங்குகிறது,
அரை மௌனம் கோட்டின்மேல் உட்கார்கிறது,
இரண்டும் ஒரே கறுப்புக் கட்டை.
மாற்றிப் போட்டு மூன்று பக்கம் கெடுத்தேன்.

பிறகு இடைவெளி.
ஓர் எண்ணிக்கைக்கு ஒரு பங்கு, இரண்டுக்கு இரண்டு பங்கு,
லிட்டில் இந்தியாத் துணிக்கடையில் முழம் போடுவதுபோல
நேர்மையாக அளந்தேன்.
பக்கம் பல்விழுந்த வாயாகச் சிரித்தது.

அந்த வாரம் மேசையில் இன்னொரு வேலை,
கிருத்திகா – கீர்த்திவாசன் திருமணம்.
கி, ஒரு மாத்திரை. கீ, இரண்டு.
நெடில் என்ன இரண்டு மடங்கு இடமா கேட்டது?
தலையில் ஒரு சுழி, அவ்வளவுதான்.
பெயர்களைப் பார்த்தபடியே
டீ ஆறும்வரை இருந்தேன்.
காலம் இரட்டிக்கும்போது
இடம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் போதும்.
முப்பத்திரண்டு தாளையும் முதலிலிருந்து.

புள்ளிதான் ரொம்பநாள் குழப்பியது.
க-வின் தலைமேல் வைத்தால்
ஒரு மாத்திரை அரையாகிவிடும்.
இங்கே எள்ளுக்குப் பக்கத்தில் வைத்தால்
ஒன்று ஒன்றரை.
ஒரு வீட்டில் உதட்டில் வைக்கும் விரல்,
அடுத்த வீட்டில்
இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்கிறது.

வியோலா வாசிப்பவள் சியூ லிங், பல் டாக்டர்.
ராத்திரி பதினொன்றுக்குப் போன், மலாயில்:
"அக்கா, எனக்குக் கை ரெண்டுதான்.
நாற்பத்தேழாம் கட்டத்தில் தாளை யார் திருப்புவது?"

விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
நாற்பத்தேழில் எள் கொட்டிக்கிடந்தது.
முன்னால் தேடினேன். முப்பத்தொன்பதிலும் நாற்பதிலும்
அவளுக்கு வேலை இல்லை, மற்ற மூவருக்குத்தான்.
அங்கே பக்கத்தை முடித்தால்
கீழே கால்வாசித் தாள் வெள்ளையாக நிற்கும்.

வெற்றிடம் கண்டால் பிள்ளையார் போடும் கை இது.
பிள்ளையார் இல்லையென்றால் குத்துவிளக்கு,
அதுவும் இல்லையென்றால் மாவிலை.
மௌஸைப் பிடித்துக்கொண்டு
எதுவும் போடாமல் இருக்க
எனக்கு நிஜமாகவே நேரம் பிடித்தது.

பர்மா ரோட்டில் ஒரு பள்ளி மண்டபம்.
தகரக் கூரையில் மழை, ஐம்பது நாற்காலி, நிறையக் காலி.
மோகனம் எனக்குப் பிடிபடவில்லை.
கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டிருந்தேன்,
முப்பத்தேழு, முப்பத்தெட்டு.
சியூ லிங் வில்லை மடியில் இறக்கினாள்,
விரல்நுனியை நாக்கில் தொட்டாள்,
திருப்பினாள்.
ஜெயசீலன் கண்மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.
யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.
வில் மறுபடி ஏறியபோது
என் மூச்சும் எங்கிருந்தோ திரும்பி வந்தது.

மறுநாள் சையது முதலாளி பில் எழுதினார்.
"பக்கத்துக்குப் பன்னிரண்டு வெள்ளி.
காலியா விட்டிருக்கியே, அதுக்கும் சேர்த்தா?"
"அதுக்குத்தான் முதல்ல போடணும்."

என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.
பன்னிரண்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து
ஐந்து, சுழி.
அரை வெள்ளி கூட்டினார்.